முதலில் கிணற்றைக் கீறுங்கள்

இரண்டு பரப்புக் காணி என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஒன்றுக்கு 10 பேர்ச். ஆக 5,445 சதுர அடி. சீதனமாகவோ விலைக்கோ இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தின் கைக்கு வருகிற துண்டு பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஒரு கிணறு உண்டு. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது மேசன் முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரை எல்லாருக்கும் மனப்பாடமான கணக்கு. அதைப் பிளானில் கீறிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. கிணற்றை நடுவில் வைத்து 50 அடி ஆரையில் ஒரு வட்டம் போடுங்கள். அதன் பரப்பளவு 7,850 சதுர அடிக்கு வரும். காணியைவிட வட்டம் பெரிது.

கிணறு மூலையில் இருந்தால் வட்டத்தின் ஒரு பங்குதான் நம் காணிக்குள் விழும் என்று ஆறுதல் சொல்லலாம். மிச்சம் அயலவர் காணிக்குள் விழுகிறது. அதே நியாயத்தில் அயலவர் கிணறுகளின் வட்டங்களும் மதில் தாண்டி நம் பக்கம் வரும். வலப்பக்கம் ஒன்று, பின்வளவில் ஒன்று, ஒழுங்கைக்கு அப்பால் ஒன்று. எல்லாவற்றையும் கீறி முடித்தால் குழி வெட்ட மிஞ்சுவது ஒரு மூலைத் துண்டாக இருக்கும். சில காணிகளில் அதுவும் இராது. அந்தத் துண்டு எங்கே என்று தெரிந்த பிறகுதான் குளியலறைகளை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும். குளியலறைகள் நின்ற பிறகுதான் படுக்கையறைகள் நிற்கும். நம்மூரில் பிளான் கீறுகிற வரிசையோ நேர்மாறு. முதலில் முன்தோற்றம், பிறகு போட்டிக்கோ, அதற்குப் பிறகு ஹோலும் அறைகளும். குழி கடைசியில், அதுவும் மேசன் அலவாங்கால் தட்டிக் காட்டுகிற இடத்தில்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடி மழையோடு நின்றுவிடும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீர்தான். அது தங்கியிருப்பது சுண்ணாம்புக் கல்லில். வெடிப்பும் பொந்தும் குகையுமான கல் அது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படி ஒரு பொந்து மேலே திறந்துகொண்டதுதான். ஒரு குழியின் கழிவு எந்த வெடிப்பு வழியாக யாருடைய கிணற்றுக்குப் போகும் என்று மேலே நின்று சொல்ல ஏலாது. ஆகவே 50 அடி விட்டாலும் இங்கே முழு நிம்மதி கிடையாது. விடாவிட்டால் கேட்கவே வேண்டாம். கழிவு நேரே நிலத்தில் ஊறுகிற வெறுங்குழியை விட்டு, அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டி, அதிலிருந்து வழிவதை ஆழமில்லாத ஊறுகுழிக்கு விடுவதுதான் இந்த மண்ணுக்குப் பொருத்தம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அயல் வீட்டு மலக்குழிக்கு எதிராக அப்படி யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதோடு சரி. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது, இனிக் கிணறு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. குழாய் வந்த வீட்டிலும் உடுப்புத் தோய்க்கவும் மரங்களுக்கு விடவும் கிணறு வேண்டும். குழாய் வராத அயலவர் அதே நிலத்தடி நீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்.

பழைய நாற்சார் வீட்டுக்காரருக்கு இந்தத் தலையிடி இருக்கவில்லை. அவரிடம் இடம் இருந்தது. வளவின் நடுவில் வீடு, ஒரு புறம் துலாவும் கிணறும், கண்ணில் படாத கோடியில் மற்றது. தெருவிலிருந்து படலை, படலையிலிருந்து தலைவாசல், இரு பக்கமும் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் விறாந்தை, விறாந்தைக்குப் பின்னால் அறைகள், பின்புறம் தள்ளி அடுக்களை. தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், பனையில் வளையும் கைமரமும் சிலாகையும், மேலே ஓடு. கூரையின் உட்சரிவில் விழுகிற மழை முற்றத்துக்கு வந்து பீலி வழியாக வெளியே போகும். வெயில் ஏற முற்றத்துச் சூடான காற்று மேலெழும்பும்; அந்த இடத்துக்கு விறாந்தை நிழலிலிருந்து குளிர்ந்தது வரும். நெல் காய்வதும் கலியாணம் நடப்பதும் அங்கேதான்.

நாற்சாரைப் பற்றி எழுதத் தொடங்கினால் பலருக்கு உடனே கண் கலங்குகிறது. எனக்கு அவ்வளவு கலங்குவதில்லை. யார் படலையோடு நிற்க வேண்டும், யார் திண்ணை வரை வரலாம், யாருக்கு உள்ளே பாய் விரிக்கப்படும் என்பதையும் அந்தப் பிளான் சேர்த்தே கீறி வைத்திருந்தது. சாதியின் படிகளும் அந்தப் படிக்கட்டுகளும் ஒன்றாகத்தான் கட்டப்பட்டன. மாதவிலக்கான பெண்ணுக்கு ஒதுக்கிய மூலை ஒன்றும் இருந்தது. பெண்கள் முற்றத்தோடு நின்றார்கள். தலைவாசலில் நடந்த கதை அவர்களுக்குக் கதவிடுக்கு வழியாகத்தான் கேட்டது. போதாதற்கு, வருஷா வருஷம் ஓடு மாற்றவும் பீலி அடைப்பு எடுக்கவும் கூலியில்லாத ஆட்கள் கிடைத்த காலம் அது. அந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதில் காற்று போன வழியை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

வளவு சுருங்கியதற்குக் காரணம் சட்டத்திலும் வழக்கத்திலும் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிவைத்த தேசவழமையில் பெண்பிள்ளையின் சீதனத்துக்குத் தலையான இடம் உண்டு. மூன்று பெண் பிறந்தால் வளவு மூன்றாகும். அடுத்த தலைமுறையில் ஒன்பதாகும். உறுதியைப் பிரித்துப் பார்த்தால் கிணற்றில் பங்கும், கிணற்றுக்குப் போய்வரும் வழிவாய்க்கால் பாத்தியதையும் எழுதியிருக்கும். புதுவீட்டுப் பிளான் கீறுகிறவர் அளவைப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உறுதியை வாசிக்காமல் விட்டால், பெரிய மாமி குடத்தோடு வருகிற பாதையில் உங்கள் போட்டிக்கோ நிற்கும். மாமி அதற்குப் பிறகு ஒரு கலியாணத்துக்கும் வரமாட்டா.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் முற்றம் சிறுத்து, பிறகு காணாமலே போயிற்று. நடுவில் ஹோல் வந்து குந்தியது. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் முற்றத்தை மூடிக்கொண்டிருந்த 1960களின் தொடக்கத்தில்தான் கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஏனா டி சில்வாவுக்கு முற்றம் வைத்த வீடு ஒன்றைக் கட்டினார். சின்ன நகரத்துக் காணியில் மதிலைச் சுற்றி எழுப்பிவிட்டு உள்ளுக்குள்ளே வெளியைத் திறந்த அந்த வீடு இலங்கைக் கட்டடக்கலைக்கே ஒரு பாடமாயிற்று. எங்கள் ஆட்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அப்போது பங்களா வேண்டியிருந்தது.

பிறகு போரில் பல வருஷங்கள் பிளான் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 1990இலிருந்து சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. அதே வருஷம் காங்கேசன்துறை ஆலையும் நின்றது; வலிகாமம் வடக்கு சனம் முழுதாக எழும்பியது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தது. காணி விடுபட்டு வலிகாமம் வடக்குக்குத் திரும்பியவர்கள் பலர் கண்டது கூரையும் நிலையும் கதவும் கழற்றப்பட்ட சுவர்களை. சிலர் வெறும் அத்திவாரத்தை. அந்த அத்திவாரத்தின் மேலேயே கட்டினால் செலவு குறைவு. ஆனால் அது அப்பாவின் வீட்டுப் பிளான். எட்டுப் பேர் இருந்த வீடு. இப்போது இருக்கப்போவது இரண்டு பேர். பழைய அத்திவாரத்தில் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, முழுவதையும் எழுப்பாதீர்கள் என்றுதான். முன்பகுதியை வீடாக்கி, மிச்சத்தின் மேல் சுவர் வைக்காமல் திண்ணையாக விட்டுவிடலாம். அது நல்ல முற்றம் ஆகும்.

போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களிலிருந்தும் பிளானைப் பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், கட்டம் கட்டமாக, வீட்டுக்காரர் கையிலேயே கொடுக்கப்பட்டது. பரப்பளவு 550 சதுர அடி. முதல் ஆயிரம் வீடுகள் 2012 நடுப்பகுதியில் முடிந்தன. பெரிய கட்டம் அந்த வருஷம் ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கியது. வீட்டுக்காரரே முன்னின்று கட்டியதால் சனம் பிளானில் கை வைத்தது. விறாந்தையை நீட்டியவர்கள், சாமியறை ஒன்றைப் பிரித்தெடுத்தவர்கள், சீதனக் கணக்கில் மூன்றாவது அறை ஒன்றைச் சேர்த்தவர்கள் என்று பலவிதம். சேர்த்த ஒவ்வொரு அறைக்கும் நகை அடகுக்குப் போனது. பூச்சில்லாத சுவரும் பலகை அடித்த யன்னலுமாக நின்ற வீடுகளுக்குக் குறைவில்லை. 550 சதுர அடியில் நிறைவாக முடித்திருந்தால் கடனில்லாமல் இருந்திருப்பார்கள் என்று அதிகாரிகள் சொன்னது சரிதான். அந்த 550இல் அடுப்படிப் புகைக்கும் வயசுக்கு வந்த பிள்ளைக்கும் எவ்வளவு இடம் கிடைத்தது என்று சனம் கேட்டதும் சரிதான்.

2016இல் வந்த இரும்பு வீட்டு யோசனை இதற்கு எதிர்த்திசை. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தைக் கொண்டு 65,000 பொருத்து வீடுகள். ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம். பிளானில் வீட்டுக்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியாக வரும், பொருத்தப்படும். இந்த வெயிலில் இரும்புச் சுவருக்குள் எப்படி இருப்பது, விறகடுப்பை எங்கே வைப்பது, இந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் தமிழ் அரசியல்வாதிகளும் கேட்டார்கள். அந்த 65,000 வீடுகள் எழவில்லை. விறகடுப்புக் கேள்வியை அப்போது பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தவர்களுக்கு 2022 பதில் சொன்னது. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் அலுமினியப் புகைக்கூண்டு போட்ட குசினிக்கு வெளியே, மாமரத்தின் கீழே, மூன்று கல் வைத்து உலை ஏற்றினார்கள்.

இனி இன்றைய பிளானுக்கு வருவோம். அது பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வாட்ஸ்அப்பில் வருகிறது. “அம்மா, ஓப்பன் கிச்சின் வையுங்கோ. மூண்டு ரூமுக்கும் அட்டாச் பாத்ரூம் வேணும். மேல பிறகு எழுப்பலாம், பிளாட் அடிச்சு விடச் சொல்லுங்கோ.” பிள்ளையில் பிழையில்லை, காசு அனுப்புகிறவர் அவர்தான். ஆனால் அங்கே வீடு கட்டுவது சூட்டை உள்ளே பிடித்துவைக்க. இங்கே அதை வெளியே அனுப்ப.

நாம் எடுத்துக்கொண்ட காணி கிழக்குப் பார்த்த 60 அடி முகப்பும் 90 அடி ஆழமும் உள்ளது என்று கொள்வோம். கிணறு ஈசானத்தில், அதாவது முன்பக்கத்து வடமூலையில். வழக்கமான பிளானில் முன்னுக்குப் போட்டிக்கோவும் ஒரு அறையும், நடுவில் ஹோல், இரு பக்கமும் அறைகள், பின்னால் மேற்கே குசினி. தாளில் அழகாகத்தான் இருக்கும். வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கியதும் தெரியும் கோளாறு. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. புரட்டாதி வரை அதுதான் நமக்குக் கிடைக்கிற ஒரே ஆறுதல். பின்னால் குசினி இருந்தால் அந்தக் காற்று மீன் பொரியலையும் மிளகாய்த்தூள் வறுவலையும் சுமந்துகொண்டு ஹோல் வழியாகத்தான் வெளியேறும்.

“தம்பி, குசினி அக்கினி மூலையில வருதோ?” என்று பிளான் கீறுகிறவரை அம்மாமார் கேட்பார்கள். இளசுகள் சிரிக்கும். அம்மா கேட்பது சாத்திரத்துக்காக இருக்கலாம். கணக்கு அவர் பக்கம்தான். எங்கள் இரண்டு பெரிய காற்றுகளும் ஒரே கோட்டில் போய்வருகின்றன: சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே, வாடை வடகிழக்கிலிருந்து தென்மேற்கே. தென்கிழக்கு மூலை அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. சோளகத்தில் அங்கிருந்து எழும் புகை வீட்டைத் தொடாமல் கிழக்கே போய்விடும். வாடையில் தெற்கே போய்விடும். எந்தப் பருவத்திலும் அது வீட்டைக் குறுக்கறுக்காது. காலை வெயிலும் முதலில் அங்கேதான் விழும், ஈரம் காயும். கிழக்கு வாசல் காணியில் அக்கினி மூலை தெருப்பக்கம் வந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். குசினி முகப்பில் தெரிந்தால் மதிப்பில்லை என்று அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தள்ள வேண்டாம். குசினி யன்னலிலிருந்து கேற் தெரியும். பகல் முழுதும் தனியே இருக்கிற அம்மாவுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. தெருக்கண்ணுக்கு மறைப்பாக ஒரு கறிவேப்பிலையும் ஒரு தேசியும் போதும். குசினியை ஒட்டித் தெற்குப் பக்கம் பத்தி இறக்கி விறகடுப்பை அங்கே வையுங்கள்.

மனையடி சாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளானைக் கடைசி நேரத்தில் குழப்புகிறது அதுதான். உள்ளளவு 10, 11 அடி நல்லது; 12, 13, 14, 15 ஆகாது; 16, 17 நல்லது என்று போகிறது அந்தக் கணக்கு. நம்புகிறவர் நம்பட்டும். ஆனால் முதலே சொல்லிவிட வேண்டும். பிளான் 12 அடி அறைகளோடு சபையில் அனுமதி பெற்று வந்த பிறகு, நிலையம் எடுக்க வந்தவர் சொன்னார் என்று ஒரு சுவரை ஒரு அடி நகர்த்தினால் அதோடு யன்னல் நகரும், யன்னலோடு தண்ணீர்க் குழாய் நகரும், மேலே தீராந்தி சுவரில் இராமல் வெளியில் தொங்கும்.

மேற்கு வெயில்தான் இங்கே பெரிய எதிரி. வடக்கும் தெற்கும் அவ்வளவு பொல்லாதவை அல்ல. சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டிச் சூரியன் யாழ்ப்பாணத்தின் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். மூன்றடி இறவாணம் இருந்தால் வடசுவரும் தென்சுவரும் நிழலில் தப்பிவிடும். பின்னேரம் மூன்று மணிக்குத் தாழ்ந்து வருகிற மேற்கு வெயிலை இறவாணம் தடுக்காது. அந்தப் பக்கத்தில் ஆட்கள் படுக்காத இடங்களை வைக்க வேண்டும்: குளியலறைகள், சாமான் அறை, படிக்கட்டு. நம் காணியில் இது கிணற்றுக் கணக்கோடும் ஒத்துப்போகிறது. குளியலறைகளை மேற்கிலும் வடமேற்கிலும் ஒன்றோடொன்று முதுகு சேர்த்து வைத்தால் குழி வடமேற்கு மூலைக்குப் போகும். கிணறு முன்மதிலிலிருந்து 12 அடி, குழி பின்மதிலிலிருந்து 8 அடி என்றால் இடையில் 70 அடி கிடைக்கும். பின்வளவுக்காரரின் கிணறு மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை முடிவாக்க வேண்டும்.

மூன்று அறைக்கும் மூன்று குளியலறை என்ற ஆசை எங்கே இடிக்கிறது என்றால், அவை வீட்டின் மூன்று பக்கமும் சிதறுகின்றன. மூன்று பக்கமும் குழாய், மூன்று இடத்தில் கசிவு, மூன்று யன்னல் இடத்தைத் தின்ற சுவர். அதோடு நடைபாதை என்ற பெரிய வீண்செலவும் வருகிறது. மூன்றரை அடி அகலம், 30 அடி நீளம்: 105 சதுர அடி. 10க்கு 11 அறை ஒன்றுக்கு 5 சதுர அடிதான் குறைவு. அதில் யாரும் இருக்கமாட்டார்கள். மின்குமிழ் பகலிலும் எரியும். அறைக் கதவுகள் ஹோலின் ஓரத்திலேயே திறக்கும்படி பிளானை மடித்தால் நடைபாதையில் முக்கால்வாசி போய்விடும். அந்தக் காசுக்கு முன்விறாந்தையை எட்டடி அகலமாக்கலாம். எட்டடி என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஐந்தடி விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டால் ஆள் நடக்க வழியில்லை, அதனால் ஒருவரும் அங்கே இருப்பதில்லை.

காற்றுக்கு வாசல் மட்டும் வைத்தால் போதாது, வெளியேற வழியும் வைக்க வேண்டும். தென்மேற்கு அறைக்குத் தெற்கே பெரிய யன்னல் இருந்தும் புழுங்குகிறது என்றால், எதிர்ச்சுவரில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கதவுக்கு மேலே மரச்சட்டம் போட்ட திறப்பு முன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. குளிரூட்டி வரும் என்று அதை அடைத்துவிட்டோம். இன்னொன்று, மதில். கிடுகு வேலியும் பனையோலை வேலியும் காற்றை வடித்து உள்ளே விட்டன. இப்போது ஏழடிச் சீமெந்துக்கல் மதில். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியில் அது நின்றால் மூன்றடி உயரத்தில் தொடங்குகிற யன்னல் பார்ப்பது மதிலைத்தான். அந்தப் பக்கம் யன்னலை உயர்த்துங்கள், அல்லது மதிலின் மேல்பாதியைத் துளைக்கல்லால் கட்டுங்கள்.

சின்ன முற்றம் ஒன்று வைக்கலாமா என்று இப்போது இளையவர்கள் கேட்கிறார்கள். வைக்கலாம். ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் 8க்கு 10 போதும். ஹோல் இருட்டு அதோடு தீரும். ஆனால் கார்த்திகை மார்கழி யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுகிற காலம். முற்றத்துத் தண்ணீர் தேங்காமல் ஓட நல்ல சாய்வும், அடைபட்டால் கை விட்டு எடுக்கக்கூடிய அகலமான பீலியும், மேலே நுளம்பு வலையும் இல்லாவிட்டால் முற்றம் வேண்டாம். 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதைப் பார்த்தவர்கள் நில மட்டத்தை ஒழுங்கையைவிட இரண்டடியாவது உயர்த்துகிறார்கள். முற்றத்தின் அடியும் அதே கணக்கில் உயர வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளம் வாசலுக்கு வராமல் வீட்டு நடுவில் எழும்பும்.

இவ்வளவும் காற்றும் தண்ணீரும். ஆட்கள் கணக்கு இதைவிடச் சிக்கல். காசு அனுப்புகிறவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார், 25 நாள். மற்ற நாளெல்லாம் இருக்கப்போவது எழுபதைத் தாண்டிய இரண்டு பேர், பிறகு ஒருவர். அந்த 25 நாளுக்காக மேல்மாடியில் மூன்று அறை எழுப்பி, ரைல்ஸ் பதித்து, கட்டில் போட்டு, பதினொரு மாதம் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. மேலே ஏற முழங்கால் விடுவதில்லை, கூட்ட ஆள் கிடைப்பதில்லை, வௌவால் குடிவந்துவிடும். எழுப்பாதவர்கள் பிளாட் அடித்துக் கம்பியை வானத்துக்கு நீட்டி விட்டிருக்கிறார்கள். கடற்காற்றில் அந்தக் கம்பி துருப்பிடித்துத் தூணுக்குள் இறங்கும். “பிறகு” வருகிறபோது அதை நம்பிக் கட்ட முடியாது.

கீழே இரண்டு நல்ல அறை, ஒரு பெரிய ஹோல், அகல விறாந்தை. வருகிறவர்களுக்கு அது போதும். பிள்ளைகளுக்கு ஹோலில் பாய் விரித்துப் படுப்பதுதான் ஊர் வந்ததன் ருசியே. அந்த இரண்டு அறைகளில் ஒன்று அம்மா அப்பாவுக்கு என்று முதலே தீர்மானித்து அதைத் திருத்த வேண்டும். கதவு மூன்றடி, சக்கர நாற்காலி நுழையும்படி. குளியலறைக்கு வாசற்படி வேண்டாம். தரையை உட்புறமாகச் சரித்தால் தண்ணீர் வெளியே வராது. சுவரில் கைபிடி பூட்ட வேண்டிய இடத்தில் இப்போதே கொங்கிறீற் நிரப்பி வையுங்கள். வெளிப்படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளத்துக்கு இடம் விடுங்கள். இதைச் சொன்னால் பல வீடுகளில் அப்பாவுக்குக் கோபம் வரும். எனக்கென்ன, நான் நல்லாத்தானே நடக்கிறன் என்பார். பேரப்பிள்ளையின் தள்ளுவண்டிக்கு என்று சொல்லிச் செய்துவிடலாம்.

அறை அளவைத் தாளில் பார்த்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 10க்கு 11 அறையில் 6க்கு ஆறரை கட்டிலைத் தலைமாட்டுச் சுவரோடு போட்டால் இரு பக்கமும் இரண்டிரண்டு அடி மிஞ்சும். எதிரே இரண்டடி ஆழ அலுமாரி வைத்தால் கால்மாட்டில் இரண்டரை அடி. அதற்குள் அலுமாரிக் கதவும் திறக்க வேண்டும், அறைக் கதவும் திறக்க வேண்டும், குளியலறைக் கதவு இருந்தால் அதுவும். கதவை மூலையிலிருந்து ஆறு அங்குலத்தில் வைத்துச் சுவரோடு சாத்தித் திறந்தால் எல்லாம் அடங்கும். சுவரின் நடுவில் வைத்தால் ஒன்றும் அடங்காது. பிளானில் கதவைக் காட்டுகிற அந்தக் கால்வட்டக் கோட்டைத்தான் வீட்டுக்காரர்கள் பார்ப்பதே இல்லை.

முளை அடித்துக் கயிறு பிடிக்கிற நாள் நல்ல நேரத்துக்கு ஐயர் வருவார், தேங்காய் உடைபடும், எல்லாரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். போக விடாதீர்கள். வீட்டிலிருந்து நாலு கதிரை, ஒரு வாங்கு, பாய் ஒன்று கொண்டு வந்து கயிற்றுக்குள் போட்டுப் பாருங்கள். பாய் கட்டிலாகட்டும், வாங்கு அலுமாரியாகட்டும். அம்மா குசினிக் கயிற்றுக்குள் நின்று அடுப்பிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து பத்திக்கும் நடந்து பார்க்கட்டும். பின்னேரம் மூன்று மணிக்கு வெயில் எந்தக் கயிற்றைத் தாண்டி வருகிறது என்று நின்று பாருங்கள். கயிறு அரை நாள் அப்படியே இருந்தால் மேசனுக்கு நட்டமில்லை. முளையைப் பிடுங்கி இரண்டடி தள்ளி அடிக்க ஐந்து நிமிஷம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை உண்டு. அனுமதித்த பிளானுக்கு வெளியே ஒரு சுவர் போனாலும் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ திருத்திய படம் கீறிக் கொடுத்து மறுபடி ஒப்புதல் எடுக்க வேண்டும். எடுக்காமல் கட்டி முடித்தால் வீடு பிளானுக்கு ஒத்துப்போகிறது என்ற சான்றிதழ் கிடைக்காது. அந்தச் சான்றிதழ் இல்லை என்பது குடிபூரலுக்கு வந்தவர் ஒருவருக்கும் தெரியாது. வீட்டை வங்கியில் ஈடு வைக்கப் போகிற அன்றைக்கோ, மகளுக்குச் சீதன உறுதி எழுதியபின் அவள் விற்கப் போகிற அன்றைக்கோ வங்கியோ வாங்க வருகிறவரின் சட்டத்தரணியோ அதைக் கேட்பார்.